பெருவிரல் நகத்தளவில் திரும்பிய கோடு

தம்பி, நீ போனை எடுக்க மாட்டேன் என்று இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறாய், எழுத்தை அப்படி வெட்ட முடியாது. உறையை ஒட்டப் போவதில்லை. உங்கப்பா திருச்சிக்கு லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது உன் ரூமுக்கே வந்து இதைக் கையில் கொடுப்பார். வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி அவரும் படிப்பார், எனக்குத் தெரியும். படிக்கட்டும். உன்னிடம் சொல்வதில் அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

சண்டை எதற்கு என்று அவருக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆகவே அவருக்கும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன். எப்போதோ அழிந்துபோன ஒரு சிப்பி, சிறிதாக இருக்கும்போது நீளவாட்டமாகவும், ஓர் அளவைத் தாண்டி வளர்ந்ததும் அகலவாட்டமாகவும் உருவம் மாறுகிறது என்று நீ கண்டுபிடித்தாய். அதைக் கட்டுரையாக எழுதினாய். அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் விமானம். அதற்கு முன்னால் கட்டுரையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்து, அச்சுக்குப் போகலாம் என்று நீ சொல்ல வேண்டும். நான் போன் போட்டு, அந்த மாற்றம் சிப்பியில் இல்லை தம்பி, அளந்த கையில் இருக்கிறது என்று சொன்னேன். நீ கோபப்பட்டு வைத்துவிட்டாய். நடந்தது இவ்வளவுதான்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் ஊசி உடைகிறது. கழுத்து வெட்ட வேண்டிய இடத்தில் கையை வெட்டி வைத்தேன், நல்லவேளை அது லைனிங் துணி. திருச்சுழி தாலுகா ஆபீசில் பட்டா விஷயமாக ஆளைப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறினேன். வழி முழுக்க இதே நினைப்பு. ஆபீஸ் வாசல் வரை போய், எதற்கு வந்தோம் என்று விழித்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்புகிற பஸ்ஸிலேயே ஏறி வந்துவிட்டேன். உங்கப்பா கேட்டதற்கு, அங்கே ஆள் இல்லை என்று புளுகினேன். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

உனக்கு மஞ்சள் காமாலை வந்ததே, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. ஆள் பாதியாகி, கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்து இறங்கினாய். கூடவே பெட்டி பெட்டியாகக் கல். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் குவாரிகளில் நீ பொறுக்கிய சிப்பிகள், கல்லாகிப் போனவை. படுத்துக் கிடக்கிற பிள்ளை இளநீர் கேட்காமல் கல்லைக் கேட்கிறானே என்று நான் கத்தினேன். கைடு மேடம் கெடு வைத்திருக்கிறார்கள், அளந்து முடித்தே ஆக வேண்டும் என்றாய். கடலைக் கண்ணால் பார்க்காத அருப்புக்கோட்டைத் தெருவில், என் வெட்டு மேஜை மேல் சிப்பிக் கடை பரப்பினோம். ஜாக்கெட் வாங்க வந்த பெண்கள் ஆளுக்கொன்றைத் தூக்கிப் பார்த்து, இதைக் குழம்பு வைப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

உன்னால் உட்கார முடிந்தது கொஞ்ச நேரம்தான். பெருவிரல் நகத்தைவிடச் சிறியதை எல்லாம் நீ வைத்துக்கொண்டாய். அவை நுணுக்கமானவை, ஓரம் உடைந்துவிடும், என் கண்ணும் முன்னைப்போல இல்லை. அதைவிடப் பெரியவற்றை என் பக்கம் தள்ளினாய். வெர்னியர் என்கிற அந்த எஃகு அளவுகோலை எப்படிப் பிடிப்பது, எந்தக் கோட்டைப் பார்ப்பது என்று காட்டினாய். நான் அளந்து சத்தமாகச் சொல்லச் சொல்ல, கட்டிலில் சாய்ந்தபடி லேப்டாப்பில் ஏற்றினாய். நாடா பிடித்த கைக்கு அந்த எஃகும் பிடித்துப்போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், நீ காமாலையில் கிடந்த அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. பெற்றவள் இப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் காலேஜுக்குப் போனதிலிருந்து நீ என்னோடு அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது.

அப்போதுதான் அந்த வரிகளைப் பற்றிக் கேட்டேன். சிப்பியின் மூக்கிலிருந்து ஓரம் வரைக்கும் வளைவு வளைவாக ஓடுகிறதே, அது என்ன என்று. சிப்பி வளர வளர ஓரத்தில் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும், ஒவ்வொரு வரியும் ஒரு காலத்தில் அதன் ஓரமாக இருந்த இடம் என்றாய். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு அடியில் மடிப்பை உள்ளே விட்டுத் தைப்போம், பிள்ளை வளர வளர அவிழ்த்து இறக்குவோம். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு நிற்கும், எவ்வளவு துவைத்தாலும் போகாது. உன் கால்சட்டையில் அந்தக் கோடுகளை எண்ணிப் பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று நீ மூக்கைச் சிந்திக்கொண்டு வந்திருக்கிறாய். அந்தக் கோடுதானே இது என்றேன். நீ எழுந்து உட்கார்ந்து, "எம்மா, இத நான் கிளாஸ்ல சொல்லிக்கிறேன்" என்றாய். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒரு நாள், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவளை ஈரக்கையோடு இழுத்துவந்து லேப்டாப் முன்னால் நிறுத்தினாய். அளவுகளை வைத்து நீ போட்ட படத்தில் புள்ளி புள்ளியாக ஏறி வந்த கோடு, ஓர் இடத்தில் ஒடிந்து வேறு பக்கம் போனது. "பாரும்மா, இந்த இடத்துல திரும்புது. பெருவிரல் நகத்தளவு வந்ததும் ஆளே மாறிருது" என்றாய். சிறிதாக இருக்கும்வரை சேற்றுக்குள் செருகிக் கிடந்திருக்கும், பெரிதானதும் மேலே வந்து படுத்திருக்கும், அதனால்தான் அகலம் தேவைப்பட்டிருக்கிறது என்று காரணமும் சொன்னாய். காரணம் அழகாக இருந்தது. எனக்கே புரிகிறது என்பதால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அழகான காரணம் கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் நாடாவை எடுப்பதில்லை என்பதை, இத்தனை வருஷம் துணி வெட்டிய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நான் எடுக்கவில்லை.

வேலை கிடைத்த செய்தி வந்ததும் உங்கப்பாவின் லோடு ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். உன் போட்டோ பெரிதாக, பக்கத்தில் ஒரு வலம்புரிச் சங்கு. அது சிப்பி இல்லையே என்றதற்கு, கூகுளில் அதுதான் பளிச்சென்று இருந்தது என்றார்கள். நீ வெட்கப்பட்டுக்கொண்டு சுற்றுவழியாகப் போய் பஸ் ஏறினாய். அந்த ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கிறது. பால் வாங்கப் போகும்போதும் வரும்போதும் அதன் கீழேதான் நடக்கிறேன். முன்பெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன், இப்போது பார்ப்பதில்லை.

போன வாரம்தான், கிளம்புவதற்கு முன்னால் சிப்பிகளைக் காலேஜில் ஒப்படைக்க வேண்டும், பெட்டியைக் கட்டி அப்பாவிடம் கொடுத்துவிடு என்று சொன்னாய். வழியில் குலுங்கி உடையக்கூடாதே என்று மிச்சத் துணிகளில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒன்று வந்தது. வரிகள் அவ்வளவு தெளிவு. விரலால் தடவிக்கொண்டே போனபோது ஒரு யோசனை ஓடியது. இந்தப் பெரியதும் ஒரு காலத்தில் சின்னதாக இருந்ததுதானே. அப்படியானால் நகத்தளவில் இருக்கிற வரிக்கு உள்ளே ஒரு உருவமும், வெளியே வேறு உருவமும் தெரிய வேண்டும். என் நகத்தை வைத்துப் பார்த்தேன். உள்வரியும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் ஓடுகிறது, வெளிவரியும் அதே சாய்வில், அதே வாக்கில்தான் ஓடுகிறது. எங்கேயும் திரும்பவில்லை. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் இல்லை. சுற்றி வைத்ததை எல்லாம் மறுபடி அவிழ்க்க ஆரம்பித்தேன்.

சின்னச் சிப்பிகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, நீளத்தைக் கவர் மேலேயே நீ எழுதி வைத்திருந்தாய். ஒன்றை எடுத்து அளந்தேன், நீ எழுதியதைவிடக் குறைவாக வந்தது. வெர்னியரைத் துடைத்துவிட்டு இன்னொன்று, அதுவும் குறைவு. அவசர அவசரமாக அடுத்ததைப் பிடித்தபோது சிப்பி வெர்னியரின் வாய்க்குள் சற்றே சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வில் நீ எழுதிய அளவு அப்படியே வந்து உட்கார்ந்தது. மற்றதையும் சாய்த்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தது.

நீ சாய்த்துப் பிடித்திருக்கிறாய், நான் நேராகப் பிடித்திருக்கிறேன். எங்கே நீளம் அதிகமோ அங்கே பிடிம்மா என்றுதான் நீ சொன்னாய். ஆனால் தையல்காரிக்கு நீளம் என்றால் இழை ஓடுகிற வாக்கில் நேராகப் பிடிப்பது. கிராஸாகப் பிடித்தால் துணி இழுபடும், அளவு பொய்யாகும். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் வேலை கிடைக்கும் என்று என்னிடம் தையல் பழக வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதே அதுதான். சிப்பியைக் கையில் எடுத்ததும், இரண்டு ஓடும் சேர்கிற கீல் இருக்கிற பக்கத்தைத் துணியின் கரையாக நினைத்து, அதற்கு நேராகவே வெர்னியரை வைத்திருக்கிறேன். யோசித்து வைக்கவில்லை, கை தானாக வைத்தது. எப்படிப் பிடிப்பது என்று நீ எனக்குக் காட்டிய முதல் சிப்பி வேறு இனம், வட்டமானது. அதைச் சாய்த்தாலும் நிமிர்த்தினாலும் ஒரே அளவுதான் வரும். அதனால் உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உன் கை முடிந்து என் கை ஆரம்பித்த இடம் பெருவிரல் நகம். கோடு திரும்பிய இடமும் அதுதான்.

யார் பிடித்தது சரி என்று பஞ்சாயத்து பேச வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பிடித்திருந்தால் எப்படிப் பிடித்திருந்தாலும் தப்பில்லை. கடையில் ஒருத்தி வெட்டியதை இன்னொருத்தி தைக்கப்போகிறாள் என்றால், முதலில் இரண்டு பேரையும் ஒரே ஜாக்கெட்டை அளக்கச் சொல்லி ஒத்துப் பார்ப்பேன். போகிற ஊரில் உனக்குக் கீழேயும் பிள்ளைகள் வேலை செய்வார்கள் என்றாய், அங்கே இதை மறக்காதே. வெளியாள் யாராவது வந்து அளந்திருந்தால் நீயும் ஒத்துப் பார்த்திருப்பாய். அம்மாதானே என்று விட்டுவிட்டாய். மகன்தானே என்று நானும் கேட்கவில்லை.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் உங்கப்பாவிடம்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், பையன் போய்ச் சேரட்டும், அங்கே போய்ச் சாவகாசமாகச் சரிபண்ணிக்கொள்வான், நீ ஏதாவது சொல்லி அவனைக் கலைத்துவிடாதே என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இதைச் சொல்கிற மனிதர் யார்? நரிக்குடிப் பக்கம் ஒரு கோயில் கிடாய்வெட்டுக்கு ஆடு ஏற்றிப்போனாரே, அவர்தானே. இரண்டு வீட்டுக் கறுப்புக் கிடாய்கள், ஒரே வண்டி. ஒன்றை இறக்கிவிட்டுப் பாதி வழி வந்தபிறகுதான், மிச்சமிருந்த ஆட்டின் காதில் வெட்டுக்குறியைப் பார்த்து, மாற்றி இறக்கிவிட்டோம் என்று தெரிந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே வாட்டம், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனாலும் வண்டியைத் திருப்பினார். அங்கே மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. ஆடு உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு, அதற்குப் பிறகு யாரும் ஆட்டைக் கேட்க முடியாது. சிலுப்பட்டும் என்று ஊரே காத்து நிற்கிறது. இவர் கூட்டத்துக்குள் புகுந்து, இது உங்கள் ஆடு இல்லை என்று சொல்லிவிட்டார். திட்டினார்கள், சட்டையைப் பிடித்தார்கள், கடைசியில் ஆட்டை மாற்றிக்கொண்டு கறிச்சோறு போட்டு அனுப்பினார்கள். நீயும் அந்த வண்டியில் போயிருந்தாய். வீட்டுக்கு வந்து அப்பா மாதிரியும் ஆடு மாதிரியும் நடித்துக் காட்டினாய்.

அதை எடுத்துச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "அச்சடிச்சுட்டாகளா?" என்று கேட்டார். இன்னும் இல்லை, இவன் சரி என்று சொன்னால்தான் அடிப்பார்கள் என்றேன். "அப்ப ஆடு இன்னும் சிலுப்பல. சொல்லிரு" என்று எழுந்து கை கழுவப் போனார்.

அதன்பிறகுதான் உனக்குப் போன் போட்டேன். வரிகளைச் சொன்னேன், கவரைச் சொன்னேன், சாய்வைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். அப்புறம் உன் குரல் வந்தது. "எம்மா, நீ தைக்கிற வேலையப் பாரு. இதெல்லாம் உனக்குப் புரியாது. பெட்டிய மட்டும் அப்பாட்டக் குடுத்து விடு."

தைக்கிற வேலை என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. நான் தையல்காரிதான், அந்த வேலையில்தான் உன்னைப் படிக்க வைத்தேன். போனை வைத்தபிறகு வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. கேள்வி கேட்டே என் உயிரை வாங்கிய பிள்ளை நீ. முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தைவிட ஏன் ஆழமாக வெட்டுகிறாய், கண்டக்டர் ஏன் எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிறார் என்று வாய் ஓயாது. நாம் அளந்தபோதும் ஓர் அளவு கொஞ்சம் விலகித் தெரிந்தால், எந்தச் சிப்பி, எந்தப் பெட்டி, திரும்பப் பிடி என்று என்னைப் பாடாய்ப் படுத்தினாய். அன்றைக்கு நான் அவ்வளவு சொல்லியும், எந்தச் சிப்பி என்று நீ கேட்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதனால் உனக்கு இது முன்பே தெரியும் என்று நினைக்கிறேன்.

எப்போது தெரிந்திருக்கும் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. கட்டுரையை அனுப்பியபிறகா, வேலைக்குக் கூப்பிட்டபிறகா, அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துச் சுற்றுவழியாகப் போனாயே, அது வெட்கத்தால் இல்லையா, இதனாலா? இல்லை, நான் சொன்ன நிமிஷத்தில்தான் புரிந்து, பயத்தில் வாயடைத்துப் போனாயா? அடுப்பில் பாலை வைத்துவிட்டு இதையே மாற்றி மாற்றி நினைக்கிறேன், பால் பொங்கி வழிகிறது. நீ வந்து, எனக்குத் தெரியாதும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பிவிடுவேன். கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னாலும் நம்பிவிடுவேன்.

பெட்டிகளை ஏற்ற வேண்டாம் என்று உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். கட்டுரைக்குச் சரி என்று சொல்லாதே. மேடத்திடம் நீயே போய்ச் சொல், கொஞ்சம் அவகாசம் கேள், வீட்டுக்கு வந்து உட்கார். எல்லாவற்றையும் ஒரே கையால் அளக்கலாம், உன் கையாலேயே. இந்தச் சிப்பி உருவம் மாறவே இல்லை, சின்னதிலிருந்து பெரிதுவரை ஒரே வாக்கில்தான் வளர்ந்தது என்று எழுதினால் அதற்கு யாராவது வேலை தருவார்களா, எனக்குத் தெரியாது. வேலை போனால் போகட்டும் என்று வீறாப்பாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. போய்விடக்கூடாது என்று சாமியைக் கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னை அந்த விமானத்தில் ஏற்றிவிட எனக்கும் ஆசை இருக்கிறது.

மேடத்தின் நம்பர் என்னிடம் இருக்கிறது. நீ வராவிட்டால் நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டலாமா என்று பார்த்தேன். அது வெறும் மிரட்டல். நான் கூப்பிட மாட்டேன். நீ அப்படியே விமானம் ஏறிப் போனாலும், அந்தக் கோட்டை ஊர் ஊராகக் காட்டினாலும் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. யாராவது வந்து கேட்டால், நான்தான் கூட இருந்தேன், என் பிள்ளை அளந்தது எல்லாம் சரி என்று கூசாமல் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும் தம்பி. உனக்காக அந்தப் பொய்யைச் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். என்னைச் சொல்ல வைத்துவிடாதே, வந்துவிடு.

அம்மா